யாரிடமும் சொல்லாத வாட்ச்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் யாருடைய பெயரும் வராது. என் பெயர், மகளின் பெயர், நான் வேலை செய்யும் அலுவலகம், அவள் படிக்கப் போன நாடு, எதுவும் வராது. முப்பத்திரண்டு வருடமாகக் கண்டியில் ஓர் அரச அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளுகிறவள் நான். ஒரு தாளில் எழுதியது எத்தனை கண்களுக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். மேலே சிவப்பு மையில் 'இரகசியம்' என்று எழுதிய உறையை எங்கள் பகுதியில் முதலில் பிரிப்பது யார் என்றும் தெரியும். சில நாட்களில் அது நானாகவே இருந்திருக்கிறேன்.

அதனால்தான், என் நெஞ்சு தாளம் தப்பி அடிக்கிறது என்று தெரிந்தபோது மருந்தைப் பற்றி யோசிக்க முன்பே, இது யார் யாருக்குத் தெரியவரும் என்று யோசித்தேன்.

வீதியிலிருந்து எங்கள் வீட்டுக்கு எழுபத்தொரு படிகள். வாவிக்கு மேலே உள்ள மேட்டு வீடுகளுக்கெல்லாம் இந்தத் தலையெழுத்துத்தான். ஒரு நாள் வேலை முடிந்து ஏறிக்கொண்டிருந்தேன். நாற்பதாவது படிக்குப் பக்கத்தில் நெஞ்சுக்குள் ஏதோ துள்ளியது. நின்றது. மறுபடி துள்ளியது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, யாராவது பார்த்தார்களா என்று மேலேயும் கீழேயும் பார்த்தேன். எதிர்வீட்டு ஜன்னலில் திரை அசைந்தது. கைப்பையில் எதையோ தேடுவது போலப் பாசாங்கு செய்தேன்.

தெரியக்கூடாத ஆள் ஒருத்திதான், என் மகள். நான்கு மாதத்தில் வெளிநாட்டுக்கு மேற்படிப்புக்குப் போக இருந்தாள். எட்டு வருடத்துக்கு முன்பு கொழும்பில் படிக்க இடம் கிடைத்தும், அப்பாவுக்கு நெஞ்சு வருத்தம் என்று போகாமல் நின்றவள். அவர் பிழைக்கவில்லை. இவள் வீட்டிலிருந்தே வெளிவாரியாகப் படித்து, நகரத்தில் ஒரு வேலையில் சேர்ந்து, அந்தக் கதையை ஒரு தடவைகூட எடுக்காமல் இருந்தாள். எடுக்காமல் இருந்ததுதான் எனக்கு வலித்தது. இந்தத் தடவை 'நெஞ்சு' என்ற சொல் அவள் காதில் விழுந்தால் போதும், பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு எனக்குக் கஞ்சி காய்ச்ச உட்கார்ந்துவிடுவாள். அதற்கு நான் விடுவதாக இல்லை.

வேறு யாரிடமாவது சொல்லலாமா என்றால் அதுவும் முடியாது. எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிறு பூசையில் மன்றாட்டு நேரத்தில் நோயாளிகளின் பெயர்களை வாசிப்பார்கள். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் ஒருத்தியிடம் புதன்கிழமை சொன்னால் ஞாயிற்றுக்கிழமை ஒலிபெருக்கியில் கேட்கலாம். பூசை முடிந்து வாசலில் பத்துப் பேர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவுக்கு என்ன?" என்று கேட்பார்கள். கண்டி ஆஸ்பத்திரி கிளினிக் வரிசையும் அப்படித்தான். அங்கே நிற்பதும் மார்க்கெட் நடுவில் நின்று கத்துவதும் ஒன்று.

ஆகவே ஒரு சனிக்கிழமை, அலுவலக வேலை என்று பொய் சொல்லி, ரயிலேறிப் பக்கத்து நகரமான கம்பளைக்குப் போனேன். அங்கே தனியார் இடம் ஒன்றில் நோயாளிகளைப் பார்க்கும் டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். என்னையும் தெரியாது, என் சொந்தக்காரர்களையும் தெரியாது. நெஞ்சில் வயர்களை ஒட்டிப் பார்த்தார். அப்போது பார்த்து என் நெஞ்சு நல்ல பிள்ளையாக அடித்தது.

"பயப்பட ஒண்டும் இல்லை," என்றார். "ஆனா இது எப்பப்ப துள்ளுது எண்டு எனக்குத் தெரிய வேணும். இப்ப கையில கட்டுற வாட்ச் வருதெல்லோ, துடிப்பைப் பதியிறது. ஒண்டு வாங்கிக் கட்டுங்கோ. ஒரு மாசம் கழிச்சுக் கொண்டு வாங்கோ, பாப்பம்."

"அந்தப் பதிவு யாருக்குப் போகும் டொக்டர்?"

"உங்களுக்குத்தான்."

"எனக்கு மட்டுமா?"

அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "ஓம், அதை விக்கிறவனிட்டத்தான் கேக்க வேணும்," என்றார்.

கேட்டேன். ஒரு மாதம் முழுக்க இதே வேலையாகக் கேட்டேன்.

முதலில் அகப்பட்டது எங்கள் அலுவலகத்தையே சுற்றிக்கொண்டிருக்கும் ஆயுள் காப்புறுதிக்காரர். அவரிடம் நான் வாயைத் திறக்கவே இல்லை. அவராகவே ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"மிஸ்ஸுக்கு வாட்ச் ஒண்ணு சும்மா தாறோம். கட்டிக்கிட்டு நடக்க வேண்டியதுதான். நடக்க நடக்க போனஸ்."

"நடக்காட்டி?"

"அது ஒண்ணும் இல்ல மிஸ்."

"நான் நடக்கிறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது ஒட்டோமெட்டிக்கா எங்க ஒபிஸுக்கு வந்துரும்."

சும்மா தருகிறேன் என்று சொன்ன எவரும் எங்கள் அலுவலகத்துக்குச் சும்மா வந்ததில்லை. என் நெஞ்சு எப்படி அடிக்கிறது என்று தெரிந்துகொண்டால் அடுத்த வருடம் இந்த மனிதர் என்னிடம் எப்படிச் சிரிப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். பெட்டியை அவர் பக்கமே தள்ளிவிட்டேன். "என் கை மெலிசு, நிக்காது," என்றேன்.

அடுத்ததாகக் கண்டி நகரத்தில் ஒரு தொலைபேசிக் கடைக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் நாற்பது வாட்ச்சுகள் எல்லாம் ஒரே நேரத்தைக் காட்டின. விற்பனைப் பெண் நல்ல பெண்தான், பொறுமையாக ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். ஆனால் எந்த வாட்ச்சை எடுத்தாலும் அதற்கான செயலியைத் தொலைபேசியில் போட வேண்டும், போட்டவுடன் அது கேட்க ஆரம்பித்துவிடும். என் தொடர்புப் பட்டியல் வேண்டும், குறுஞ்செய்திகள் வேண்டும், மைக் வேண்டும், படங்கள் வேண்டும், நான் இருக்கிற இடம் வேண்டும். குடிநீர் இணைப்புக் கேட்டு வந்தவரிடம் மனைவியின் நகைப் பட்டியலைக் கேட்பது போல இருந்தது எனக்கு.

"துடிப்பு பாக்கிறதுக்கு என்னோட படமெல்லாம் எதுக்கு?" என்றேன்.

"தெரியல்ல மிஸ். எல்லாத்துக்கும் 'அலவ்' குடுத்தாத்தான் வேல செய்யும். எல்லாரும் குடுக்கிறாங்க."

எல்லாரும் கொடுக்கிறார்கள் என்பது எனக்கு ஒரு காரணமே இல்லை. எங்கள் அலுவலகத்திலும் எல்லாரும்தான் எல்லாம் எழுதிக் கொடுக்கிறார்கள். பிறகு வெளியே நின்று, எங்கள் விஷயம் எப்படி ஊருக்குத் தெரிந்தது என்று கேட்கிறார்கள்.

நான் குறிப்பெழுத ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், அந்தந்தக் கம்பனி தன் நிபந்தனைகள் என்று போட்டிருப்பதைத் தொலைபேசியில் பெரிதாக்கி வாசித்துக் குறிப்பெடுத்தேன். முப்பது பக்கத்துக்குக் குறைந்து ஒருவனும் எழுதவில்லை. அதில் இருபத்தொன்பது பக்கம் உங்கள் அந்தரங்கம் எங்களுக்கு உயிர் என்பார்கள். மீதிப் பக்கத்தில், 'எங்கள் கூட்டாளிகளோடு பகிர்ந்துகொள்ளலாம்' என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். கூட்டாளி யார் என்று எவனும் சொல்லமாட்டான். விவரத்தை அழிக்கச் சொன்னால் அழிப்பார்களா, அழித்ததாகச் சொல்வார்களா? கம்பனியை வேறொருவன் வாங்கினால் என் நெஞ்சும் அவனுக்குச் சொந்தமா? ஒவ்வொரு வாட்ச்சுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி எழுதிக்கொண்டே போனேன். எங்கள் தலைமை எழுதுவினைஞர் எட்டிப் பார்த்து, "பதவி உயர்வுப் பரீட்சையா?" என்று கேட்டார்.

கடைசியில் கம்பளை ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில்தான் எனக்கு வேண்டியது கிடைத்தது. கொப்பியைத் திறந்துவைத்துக்கொண்டு நான் கேட்ட கேள்விகளை அவர் கடைசி வரை கேட்டார்.

"மிஸ் சீ.ஐ.டியா?" என்றார்.

"இல்ல. கிளார்க்."

"அப்ப சரி." கீழ்த் தட்டிலிருந்து சாம்பல் நிறத்தில் அழகே இல்லாத ஒன்றை எடுத்துவைத்தார். "இதுல மைக் இல்ல, கெமரா இல்ல, எங்க போறீங்க எண்டு பாக்குற ஜீ.பீ.எஸ்ஸும் இல்ல. ஒரே ஒரு வேலதான் ஈக்கி, துடிப்பு பாக்குற. அதால ஒருத்தரும் வாங்குறல்ல. என்ட வாப்பாக்கும் இதத்தான் கட்டி உட்டீக்கேன்."

"அவரப் பத்தி இது உங்களுக்கு ஏதாவது சொல்லுமா?"

"எங்க செல்ற. அவர் எனக்கு ஒளிச்சு சிகரட் குடிக்கிறதயே இது செல்லல்ல."

"பிறகு எப்படித் தெரியும்?"

"மணக்குதே மிஸ்."

அந்தச் செயலியைத் தன் தொலைபேசியிலேயே போட்டு, அது கேட்ட ஒவ்வொன்றுக்கும் என் கண் முன்னாலேயே 'வேண்டாம்' கொடுத்தார். தொடர்புகள் வேண்டாம், இடம் வேண்டாம், படங்கள் வேண்டாம். வாட்ச்சைக் கையில் கட்டினார். துடிப்பு எழுபத்தாறு என்று காட்டியது. நான் நாற்காலியில் உட்கார்ந்து பத்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி எனக்குப் பிளேன்டீ வரவழைத்தார். வாங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, மகள் வேலையிலிருந்து வருமுன் எல்லாவற்றையும் பொருத்திவிட உட்கார்ந்தேன். கேட்டதற்கெல்லாம் 'வேண்டாம்' கொடுத்துக்கொண்டே போனேன். கடைசியில் ஒரு கணக்கு வேண்டும் என்றது. தொலைபேசியில் ஏற்கெனவே உள்ள மின்னஞ்சலோடு தொடரலாமா என்று அதுவே கேட்டது. அந்த மின்னஞ்சல் மகளுடைய பெயரில் இருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் வீட்டில் எதுவும் அவரவர் பெயரில் இருப்பதில்லை. மின்சாரப் பட்டியல் இன்னும் மாமனார் பெயரில் வருகிறது, அவர் போய்ப் பதினெட்டு வருடம். தண்ணீர் அவருடைய தம்பி பெயரில். என் சிம் அட்டை என் கணவர் பெயரில் எடுத்தது, அப்படியே இருக்கிறது. எங்கள் ஆட்களில் நிறையப் பேர் வீட்டில் இப்படித்தான். தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்த குடும்பம், இரண்டு தலைமுறை குடியுரிமைத் தாளுக்காக அலைந்த குடும்பம். ஒரு பதிவில் பெயர் ஏறினால் என்றைக்காவது அதைப் பிடித்துக்கொண்டு யாராவது வாசலுக்கு வருவார்கள் என்ற பயம் எங்களுக்குப் பாலோடு ஊட்டியது. கொரோனா ஊரடங்கு மாதங்களில் பூசை தொலைபேசியில் வந்தபோது மகள் எனக்கு ஒரு மின்னஞ்சல் திறக்கப் பார்த்தாள். "என் பேரும் பிறந்த திகதியும் அவனுங்களுக்கு எதுக்கு? உன் பேர்லயே போட்டுக் குடு," என்றேன். போட்டுக் கொடுத்தாள்.

ஆகவே அந்த வாட்ச் மகளின் பெயரைக் காட்டியபோது எனக்குச் சந்தோஷம்தான். கம்பனிக்காரன் தலைகீழாக நின்றாலும் என் பெயர் கிடைக்காது. என் துடிப்பை இருபத்தாறு வயதுக்காரியின் துடிப்பு என்று எழுதிவைத்துக்கொள்ளட்டும். 'தொடரவும்' என்பதை அழுத்தினேன். மாலையில் மகள் கேட்டபோது, பழைய வாட்ச் நின்றுவிட்டது, நேரம் பார்க்க வாங்கினேன் என்றேன்.

"நல்லாயிருக்கு," என்றாள். அவ்வளவுதான். எதையும் நாலு கேள்வி கேட்காமல் விடாத பிள்ளை, ஒரே சொல்லோடு நிறுத்தினாள். நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது வாரம் சாப்பாட்டு மேசையிலிருந்து ஊறுகாய்ப் போத்தல் காணாமல் போனது. கேட்டால், பூஞ்சணம் பிடித்தது, எறிந்துவிட்டேன் என்றாள். குப்பைக் கூடையில் பார்த்தேன், போத்தல் இல்லை. மூன்றாவது வாரம் ஒரு மாலை, மரக்கறிப் பையோடு படிகளில் பாதி ஏறி மூச்சு வாங்க நின்றேன். கைப்பையில் தொலைபேசி அடித்தது.

"அம்மா, எங்க இருக்கீங்க?"

"படியில."

"நின்னு நின்னு ஏறுங்க. அவசரம் இல்ல."

நான் நின்றுகொண்டிருந்தது அவளுக்கு எப்படித் தெரியும்? சுற்றிலும் பார்த்தேன். எதிர்வீட்டுத் திரைகூட அசையவில்லை. அடுத்த நாள் பஸ்ஸிலிருந்து இறங்கினால், ஒரு முச்சக்கரவண்டிக்காரர் எனக்காகக் காத்து நின்றார். "வாங்கம்மா, மேல் ரோட்டால சுத்தி வீட்டுப் பின்பக்கம் விடச் சொல்லி உங்க மக சொன்னாங்க," என்றார்.

யாரோ பேசியிருக்கிறார்கள். அது மட்டும் நிச்சயம். முதலில் டொக்டரைச் சந்தேகப்பட்டேன். பிறகு கம்பளை முதலாளியை. அந்தப் பிளேன்டீ எதற்கு என்று இப்போது யோசித்தேன். பிறகு காப்புறுதிக்காரர், அவர் அன்றைக்கு என் மணிக்கட்டை ஏன் அவ்வளவு நேரம் பார்த்தார்? மகள் என் கொப்பியை வாசித்திருப்பாளோ என்று அலுமாரியில் சேலைகளுக்கு நடுவில் வைத்து, அட்டை மேல் ஒரு தலைமுடியை வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மாலையில் முடி வைத்த இடத்திலேயே இருந்தது. மிச்சம் இருந்தது கையில் கட்டியிருந்த வாட்ச் ஒன்றுதான்.

முன்பு எங்கள் அலுவலகத்தில் ஒரு மேலதிகாரி இருந்தார். தன் கடிதங்கள் வழியில் வாசிக்கப்படுவதாக அவருக்குச் சந்தேகம். ஒரு நாள், நடக்கவே போகாத இடமாற்றம் ஒன்றைப் பற்றி ஒரு கடிதம் எழுதி, ஒட்டி அனுப்பினார். மறுநாள் காலை எட்டரைக்கு ஒருவர் அவர் அறைக்குள் வந்து, எனக்கு இடமாற்றம் வேண்டாம் என்று அழுதார். ஆள் அகப்பட்டார். அந்த வித்தையைத்தான் நானும் எடுத்தேன். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எங்கள் பகுதியில் ஒரு சிங்களப் பெண் இருக்கிறாள். உடம்பைக் குறைப்பதற்காகச் சாப்பாட்டு நேரத்தில், ஊருக்கு மேலே நிற்கும் பெரிய புத்தர் சிலை மலைக்கு வேகமாக ஏறி இறங்குவாள். ஒரு செவ்வாய்க்கிழமை என் வாட்ச்சை அவள் கையில் கட்டினேன். வாட்ச் தனியாகப் பேசாது, பக்கத்தில் தொலைபேசி வேண்டும் என்று கொப்பியில் குறித்திருந்தேன். ஆகவே சத்தத்தை நிறுத்தி என் தொலைபேசியையும் அவள் பையில் போட்டுவிட்டேன். எத்தனை அடி என்று பார்க்க ஆசை என்றேன். அவள் உற்சாகமாகப் போனாள். நான் மேசையில் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட உட்கார்ந்தேன். மாலையில் மகள் ஏதாவது கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடும் என்பது என் கணக்கு.

மாலை வரை காத்திருக்க வேண்டி வரவில்லை. பாதிச் சாப்பாட்டில் காவலாளி வந்து, வாசலில் மகள் நிற்கிறாள் என்றார். கையைக் கழுவாமலே போனேன்.

தான் வேலை செய்யும் இடத்தின் அட்டை கழுத்தில் தொங்க, முகமெல்லாம் வேர்த்து நின்றாள். பின்னால் முச்சக்கரவண்டி இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வலக்கையில் சோறு ஒட்டியிருந்தது. இடக்கை வெறுமையாக இருந்தது.

"வாட்ச் எங்க?"

கையை இழுக்கப் பார்த்தேன், அவள் விடவில்லை.

"நூத்தி அறுபத்தி நாலு," என்றாள். "கால் மணித்தியாலமா நூத்தி அறுபத்தி நாலு காட்டுது. போன் அடிச்சா எடுக்கல்ல. ஏழு தரம் அடிச்சேன். அப்பாவுக்கும் இப்படித்தானே அம்மா. நான் அடிச்சுக்கிட்டே இருந்தேன், யாரும் எடுக்கல்ல."

அவர் பஸ் நிலையத்தில் விழுந்த அன்று, அவருடைய சட்டைப் பையில் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்ததாகப் பிறகு சொன்னார்கள். அடித்தது இவள்தான் என்று எனக்குத் தெரியாது. எட்டு வருடமாக அவள் அதைச் சொல்லவில்லை. நான் அந்த இடத்திலேயே கூனிக் குறுகிப்போனேன். பெற்ற பிள்ளையைப் பிடிப்பதற்குப் பொறி வைத்த அம்மா நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த நேரம் பார்த்து என் சிங்களத் தோழி வீதியால் இறங்கி வந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, என் வாட்ச் கட்டிய கையை உயர்த்திக் காட்டி, இன்றைக்கு இரண்டு தடவை மேலே போய் வந்ததாகச் சொல்லிச் சிரித்தாள். மகள் அவளைப் பார்த்தாள், வாட்ச்சைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்னையா டெஸ்ட் பண்ணீங்க?"

"நீ என்னை வேவு பாத்தியே," என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நான் தேடிப் பாக்கல்ல. எனக்கே வந்துச்சு. என் பேர்ல வந்துச்சு. 'உங்கள் புதிய வாட்ச் இணைக்கப்பட்டது'ன்னு முதல் நாளே மெயில் வந்துச்சு. அடுத்த வாரம், உங்க துடிப்பு சீரா இல்லன்னு வந்துச்சு. முதல்ல எனக்குத்தான் ஏதோ வருத்தம்னு நினைச்சு பயந்துட்டேன். பிறகுதான் அந்தச் செயலிய என் போன்லயும் போட்டேன்."

எந்தெந்த நாட்டுக்காரனோ என் நெஞ்சைப் படிப்பான் என்று முப்பது பக்கம் முப்பது பக்கமாக வாசித்தேன். பிறகு நானே என் கையால் அதைப் பக்கத்து அறைக்கு அனுப்பிவைத்திருக்கிறேன். என் பெயரை ஒளிக்கப் போய் வந்த வினை. எனக்கு என் மேலேயே கோபம் வந்தது, ஆனால் கோபத்தை அவளிடம்தான் காட்டினேன்.

"தெரிஞ்சா கேக்கிறது தானே? ஏன் கேக்கல்ல?"

"நீங்க ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நீ போகமாட்ட."

"நான் போகல்லதான்," என்றாள். "மூணு நாளைக்கு முன்ன அவங்களுக்கு எழுதிட்டேன். இந்த வருஷம் வரல்லன்னு."

காவலாளி எங்களைப் பார்க்காதது போல வாசலில் கிடந்த சருகைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். வழக்கமாக என்றால், அவர் கேட்டது மாலைக்குள் எந்தெந்த அறைக்குப் போகும் என்று யோசித்திருப்பேன். அன்றைக்கு அது எனக்குப் பொருட்டாகவே இல்லை. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அவளோடு வீட்டுக்குப் போனேன்.

போனதும் முதல் வேலையாக அவளைக் கதிரையில் உட்காரவைத்தேன். அனுப்பிய கடிதத்தைத் திருப்பி வாங்குவது எப்படி என்று இந்த ஊரில் என்னைவிடத் தெரிந்தவர்கள் குறைவு. 'மேற்குறித்த எனது மடலைக் கவனத்தில் கொள்ளாது விடுமாறு' என்று நான் சொல்லச் சொல்ல, அவள் ஆங்கிலத்தில் அடித்தாள். அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு நிறுத்தினாள்.

"நான் போறதுன்னா எனக்கு எல்லாம் தெரியணும். ஒளிக்கக் கூடாது."

"எல்லாம்னா?"

"துடிப்பு. மருந்து. டொக்டர் சொல்றது."

பேரம் பேசினேன், சும்மா விடவில்லை. துடிப்பைப் பார்க்கலாம், எத்தனை அடி நடந்தேன் என்று பார்க்கக் கூடாது. வேலை நேரத்தில் அழைக்கக் கூடாது. கோயிலில் ஒருவரிடமும் மூச்சு விடக் கூடாது. ஊறுகாய்ப் போத்தல் திரும்பி வர வேண்டும். ஊறுகாய்க்கு மட்டும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. பொத்தானை அழுத்தினாள்.

பிறகு எனக்கென்று ஒரு மின்னஞ்சலைத் திறந்தோம். பெயர் கேட்டது, கொடுத்தேன். பிறந்த திகதி கேட்டது. ஐம்பத்தேழு வயதில் முதல் தடவையாக, யாரென்று தெரியாத ஒருவனுக்கு என் சொந்தத் திகதியைக் கொடுத்தேன். இரண்டு தடவை பிழையாக அடித்தேன், மகள் சிரித்தாள். அந்தக் கணக்குக்கு வாட்ச்சையும் அதுவரை இருந்த பதிவையும் மாற்றி, பழைய கணக்கில் இருந்ததை அழித்து, பிறகு யார் பார்க்கலாம் என்று அது கேட்ட இடத்தில் அவள் மின்னஞ்சலை நானே எழுதினேன். முன்பும் அவள்தான் பார்த்தாள், இப்போதும் அவள்தான் பார்க்கப் போகிறாள். ஆனால் இந்தத் தடவை நான் கொடுத்திருந்தேன்.

ஐந்து நாள் பதில் வரவில்லை. அந்த ஐந்து நாளும் என் நெஞ்சு எப்படி அடித்தது என்று எழுத வேண்டியதில்லை, அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆறாவது நாள், அவளுடைய இடம் அப்படியே இருக்கிறது என்று பதில் வந்தது.

அந்தச் சனிக்கிழமை இரண்டு பேருமாக ரயிலில் கம்பளைக்குப் போனோம். டொக்டர் ஒரு மாதத்துப் பதிவையும் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மாத்திரையால் அடக்கக்கூடியதுதான், விடாமல் போட வேண்டும் என்றார். பிறகு ஓரிடத்தில் விரலை நிறுத்தினார்.

"இந்தச் செவ்வாய் மத்தியானம் என்ன நடந்தது? நூற்றி அறுபத்தி நாலு?"

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"அது என்னோட நெஞ்சு இல்ல டொக்டர்," என்றேன்.

அவள் புறப்பட்ட நாள் விடியற்காலை வாகனம் பிடித்து, கடுகண்ணாவை மலையால் இறங்கிக் கட்டுநாயக்கவுக்குப் போனோம். வழியெல்லாம் வாட்ச்சைத் தெரியாமல் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டே வந்தேன். விமான நிலைய வாசலில், அதற்கு மேல் என்னை விடமாட்டார்கள் என்ற இடத்தில், அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் அழவில்லை. அழக் கூடாது என்று வீட்டிலேயே முடிவெடுத்திருந்தேன். அவள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், திரும்பி ஒரு தடவை கையைக் காட்டினாள். நானும் காட்டினேன். அவள் தலை மறைந்ததும் என் நெஞ்சு ஓடிய ஓட்டம் எனக்கே கேட்டது. உடனே வாட்ச்சைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிட்டேன். விமானம் ஏறப் போகிற பிள்ளை இதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடக் கூடாது.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, தொலைபேசியில் செய்தி வந்தது.

"கழட்டிட்டீங்களா?"

"சார்ஜ் முடிஞ்சிருச்சு," என்று எழுதினேன்.

"எண்பத்தி ஒரு வீதம் இருக்கு. கட்டுங்கம்மா."

இந்த வாட்ச் அதையும் சொல்லும் என்று என் கொப்பியில் இல்லை. ஓரமாகப் போட்டிருந்த இருக்கையில் உட்கார்ந்து, வாட்ச்சை எடுத்துக் கட்டினேன். பச்சை வெளிச்சம் மினுங்கியது. நூற்றி இருபத்தொன்பது என்று காட்டியது. மறைக்காமல் கையை மடியில் வைத்துக்கொண்டேன், பார்க்கட்டும் என்று. எழுந்து போய்க் கண்ணாடிக்கு உள்ளே பார்க்கலாமா என்று நினைத்த நேரம் அவளுடைய செய்தி வந்தது.

"எனக்கும் அப்படித்தான் அடிக்குதும்மா. ஆனா நான் போறேன்."